காய்ந்த எடை என்ன?

ஈப்போத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. மற்ற ஊர்களில் நூல் நூலாக நீண்டு சோர்ந்து கிடக்கும் தவ்கே, இங்கே மட்டும் குட்டையாக, தடியாக, மினுமினுவென்று முளைக்கும். கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஊறி வரும் தண்ணீர்தான் காரணம் என்று கோழிச்சோற்றுக் கடைச் சீனரைக் கேட்டாலும் சொல்வார், ஒன்றும் தெரியாத என்னைக் கேட்டாலும் சொல்வேன். அதே தண்ணீரை அரை நூற்றாண்டாகக் குடித்து வளர்ந்தவன் நான். குட்டையாக, தடியாக, மினுமினுவென்று இருக்கிறேன். முளைப்பயறு இப்படி இருந்தால் கோலாலம்பூரிலிருந்து காடி எடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். குடும்பத் தலைவன் இப்படி இருந்தால் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள்.

அனுப்பினார்கள். அரசாங்கக் கிளினிக்கில் என் மகள் வயதில் ஒரு டாக்டர். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 88 கிலோ, கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 31. ஆசிய உடம்புக்கு 23ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 27.5ஐத் தொட்டால் உடல் பருமன் என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தது. படத்தில் ஒல்லியில் தொடங்கி ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். நான் கடைசி ஆளுக்கு முந்தைய ஆளைக் காட்டினேன். டாக்டர் கடைசி ஆளைக் காட்டினார்.

"எடை சரியாத்தான் இருக்கு டாக்டர். உயரம்தான் பத்தல" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.96 மீட்டர் உயரம் இருந்திருந்தால் இதே 88 கிலோவோடு நான் ஆரோக்கியத்துக்கு எடுத்துக்காட்டு. குறை முழுவதும் அந்த 28 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது என்பதால் எல்லாரும் எடையின்மேல் பாய்கிறார்கள்.

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே "வாரம் மூணு நாள் ஓட்டம், மெதுவா" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று தெரியவந்ததாம். ஆக, இரண்டு பேருக்கு ஒருவர். எங்கள் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேர். என் மனைவி ஒல்லி. நாட்டுக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இத்தனை காலம் தனியாளாகச் சுமந்து வந்திருக்கிறேன். அதற்கு இதுதான் மரியாதை.

என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை.

"டாக்டர் என்னங்க சொன்னாங்க?"

"கொஞ்சம் நடக்கச் சொன்னாங்க."

"சீட்டைக் காட்டுங்க."

காட்டினேன். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையன்களைப் பார்க்கிற பார்வை ஒன்று அவளிடம் இருக்கிறது. சம்பளம் வாங்காமல் அதை வீட்டிலும் பயன்படுத்துவாள்.

நான் சும்மா விடுவேனா? ஜிம் ஃபிக்ஸ் கதையை எடுத்து விட்டேன். 1977இல் ஓட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி, அமெரிக்கர்களைக் கூட்டம் கூட்டமாகத் தெருவில் ஓடவிட்ட மனிதர். 1984இல் ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பு. வயது 52. "எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ரசம் கொதிப்பதற்குள் திரும்பி வந்தாள். அந்த ஃபிக்ஸின் அப்பாவுக்கு 35 வயதிலேயே முதல் மாரடைப்பு, 43இல் ஆள் போய்விட்டார். மகனும் ஓடத் தொடங்கியபோது நூறு கிலோவை நெருங்கிய ஆள், நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட். "ஓடினதாலதான் அப்பாவைவிட ஒம்பது வருஷம் கூட இருந்தாரு" என்றாள். ஆதாரத்தோடு பேசுகிறவர்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

கடைசி அம்பாக மரத்தை இழுத்தேன். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஹியூ லோ துரை பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த காலத்து மரம். துரை போய், துரையைச் சேர்ந்தவர்கள் போய், கொடி மாறி, நாடு மாறி, மரம் மட்டும் இருக்கிறது. "அது நட்ட இடத்திலிருந்து ஓர் அடி நகர்ந்திருக்குமா? ஓடுச்சா? சாடுச்சா? நூத்தைம்பது வருஷம் ஆகப்போவுது."

"அதுல எவன் தினம் தினம் பால் வெட்டினான்?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அது வேலி கட்டிச் சும்மா வச்சிருக்கிற மரம்டா. கண்காட்சி மரம். வேல செய்யிற மரத்துக்கு முப்பது வருஷம்தான். அப்புறம் வெட்டித் தள்ளிட்டு மறுநடவு."

அப்பா. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், தூங்குகிறார் என்று நினைத்துவிட்டோம்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி தாமான். நாங்கள் குடியிருக்கும் சிம்மோர் பக்கத்துத் தாமானும் ஒரு காலத்தில் கித்தாக் காடுதான். வீட்டுப் பின்பக்கம் கறிவேப்பிலை நட மண்ணைக் கிளறியபோது பால் வடியும் மங்கு ஒன்று உடையாமல் கிடைத்தது. அப்பா அதைக் கழுவித் தன் மூக்குப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மகன் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும், வெயில் படக் கூடாது, ஓடியாடக் கூடாது என்பதற்காகத் தம் உடம்பைத் தேய்த்தவர். அவர் ஆசைப்பட்டபடியே நான் உட்கார்ந்தேன். விட்ட குறை தொட்ட குறை இல்லாமல் உட்கார்ந்தேன். பலனை இப்போது கிளினிக்கில் எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

"விடியக்காலையில எழுந்திரிச்சு ஓடணும்கிற. சரி. யாரு சம்பளம் குடுக்கிறது?" என்று கேட்டார் அப்பா.

"சம்பளம் எல்லாம் இல்லப்பா. உடம்புக்காக. நாமதான் சப்பாத்து வாங்கணும்."

"எவ்வளவு?"

"முந்நூறு வெள்ளி."

அப்பா மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். "முந்நூறு வெள்ளி லஞ்சம் குடுத்து, சம்பளம் இல்லாத வேல கேக்குறானா ஓம் புருஷன்?" என்றார். அந்தக் கேள்விக்கு எந்த மருத்துவ நூலிலும் பதில் இருக்காது.

கம்பாரில் படிக்கும் மகள், சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிவிட்டாள். சோபாவை விட்டு எழாதவர்களை ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் திட்டமாம். 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் போட்டது. ஐம்பதைத் தாண்டிய தம் அம்மாவும் செய்ய வேண்டும் என்று நினைத்துப் போட்டாராம். "அவங்க அம்மாவே செய்யலாம்னா நீங்க செய்ய முடியாதாப்பா?" என்றாள் மகள். முதல் வாரம் மிக எளிது. ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இப்படியே மாறி மாறி இருபது நிமிடம். அறுபது விநாடி என்பது எவ்வளவு நீளமானது என்று ஜாஷ் கிளார்க்கின் அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஆனால் திட்டத்தை நடத்தியது செயலி இல்லை, அப்பா. தோட்டத்தில் அத்தனை வருஷம் மண்டோரிடம் ஏச்சு வாங்கியவருக்கு, எண்பது வயதில் மண்டோர் வேலை வீடு தேடி வந்திருக்கிறது. விடுவாரா? மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். சட்டைப் பையில் அடங்குகிற அளவு. பென்சிலை நூல் கட்டி அதில் தொங்கவிட்டார். ஒரு பக்கத்துக்கு மூன்று கோடு கிழித்தார்: தேதி, வானம், கிலோ. 'வானம்' எதற்கு என்று கேட்டேன். "மழை பேஞ்சா பட்ட நனைஞ்சுடும். வெட்டினா பால் மங்குல விழாது, மரத்து மேலயே வழிஞ்சு ஓடிடும். மழையன்னைக்கு ஆள் கூட்டிப் பேரெடுக்கிற பெரட்டு கிடையாது. அது சட்டம்" என்றார். எனக்குச் சாதகமாக அப்பா சொன்ன ஒரே விஷயம் அதுதான். அன்று முதல் வானிலை அறிக்கையைப் பக்தியோடு பார்க்கிறேன்.

"அஞ்சரைக்குப் பெரட்டு" என்று அறிவித்தார். கட்டளைக்கு மேல்முறையீடு செய்து பார்த்தேன்.

"அஞ்சரைக்கு இருட்டா இருக்குமேப்பா."

"நாங்க நாலரைக்கு எழுந்திருச்சவங்க. வெயில் ஏறினா பால் நின்னுடும். ஒனக்கு வெயில் ஏறினா மூச்சு நின்னுடும். ரெண்டும் ஒண்ணுதான்."

அறிவியல்படி அவர் சொன்னது சரி. விடியும் முன் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய் அழுத்தம் குறையும், பால் வருவதும் குறையும். ஆனால் நேரக் கணக்கில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா சரவாக்கோடு சேர்த்துவிட்டார்கள். சூரியனிடம் யாரும் சொல்லவில்லை. ஆகவே ஈப்போவில் இன்றும் ஏழு மணிக்கு முன்பின்தான் வெளிச்சம் வருகிறது, சில மாதங்களில் அதையும் தாண்டி. "அந்தக் காலத்து அஞ்சரைன்னா இன்னைக்கு ஆறு மணிப்பா. உங்க கணக்குப்படியே பெரட்டு ஆறுக்குத்தான்" என்று வாதாடினேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நாங்க எழுந்திரிச்ச நாலரை, இப்ப அஞ்சு மணி. பெரட்டு அஞ்சரை. முகம் கழுவ அரை மணி நேரம் கூட இருக்கு. போதும்" என்று சொல்லி நோட்டை மூடினார்.

இருட்டில் ஓட நெற்றி விளக்கு வாங்கினேன். விளையாட்டுப் பொருள் கடையில் அதற்குத் தனிப் பெயர், தனி விலை. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தலையில் மாட்டி, பட்டையை இழுத்து, விளக்கைக் கட்டை விரலால் கீழே அழுத்தினார். "தூரமா அடிக்காத. ரெண்டு எட்டு முன்னால விழணும். பாம்பு தூரத்துல இருந்தா அதுக்குக் கவல, கிட்ட இருந்தாத்தான் ஒனக்கு." அந்த நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் ஒரு காலைக்கு நானூறு, ஐந்நூறு மரம் பார்த்தவர். ஒவ்வொன்றிலும் குனிந்து, பட்டையைச் சீவி, மங்கைத் திருப்பி வைத்து, அடுத்த மரம். பிறகு அதே நிரையில் திரும்பப் போய்ப் பாலைச் சேர்த்து, காண்டாவில் இரண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடை. இதை யாரும் உடற்பயிற்சி என்று அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கூலி குறைத்திருப்பார்கள்.

தாமான் சாலையில் என் முதல் ஓட்டத்தைப் பற்றி விவரிக்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் கேட்டைத் திறந்து, "அண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று மலாயில் கேட்டார் என்பது மட்டும் போதும். யாருக்காவது ஏதாவது ஆனால்தான் என்னைப் போன்றவன் ஓடுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்குள் போலோ கிரவுண்டுக்குப் போவோம். சுல்தான் அப்துல் அசிஸ் பூங்கா என்பது பலகையில் உள்ள பெயர். ஈப்போக்காரர் வாயில் அது போலோ கிரவுண்டுதான். பெயரில் மட்டும் குதிரை இருக்கும் அந்த இடத்தில் விடியற்காலையில் ஈப்போவின் பாதிப் பேர் சுற்றி வருகிறார்கள். மரத்தடியில் சீன ஆன்ட்டிமார்கள் காற்றைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். நான் ஓடுவேன். அப்பா பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சுற்றிலும் அவரைத் தாண்டும்போது முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வது, ஓட்டத்தைவிடக் கடினமான பயிற்சி.

அப்பாவுக்கு ஓட்டம் என்றால் ஜெகதீசன். 'பறக்கும் டாக்டர்' மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கியதை வானொலியில் கேட்டுத் தோட்டமே கூத்தாடியதாகச் சொல்வார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அரையிறுதி வரை போனார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை எவராலும் முறியடிக்க முடியவில்லை. "அந்த டாக்டர் தானே ஓடினாரு. ஒனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தும் ஓட முடியல" என்றார் பெஞ்சிலிருந்து.

ஜெகதீசனோடு என்னை ஒப்பிடுவது முறையில்லை என்று, வேறு ஒருவரைத் தேடினேன். ஜி. சரவணன் கிடைத்தார். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம். நடை! எனக்கு ஏற்றவர் என்று மகிழ்ச்சியோடு கணக்குப் போட்டேன். 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம். அதாவது அவர் நடந்த வேகத்தில் என்னால் ஓட முடியாது. அவர் நடந்தார், ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்கிற விதிக்குக் கட்டுப்பட்டு, ஐம்பது கிலோமீட்டர். என் ஓட்டத்திலும் ஒரு கால் எப்போதும் தரையில்தான் இருக்கிறது என்று அப்பா சொல்கிறார். விதிப்படி பார்த்தால் நானும் நடைப் போட்டிக்காரன்தான்.

இந்தக் கணக்குப் புத்தி என்னை எங்கும் விடுவதில்லை. ஓடுகிறவன் ஒரு கிலோமீட்டருக்குத் தன் எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கலோரி செலவழிக்கிறான். எனக்கு 88. மூன்று கிலோமீட்டர் ஓடினால் 264. ஒரு ரொட்டி சானாய் கிட்டத்தட்ட 300. ஆக, மூன்று கிலோமீட்டர் நாக்குத் தள்ள ஓடினாலும் ஒரு ரொட்டி முழுசாகக் கரையாது. ஓரத்தில் மொறுமொறுவென்று இருக்குமே, அந்தப் பகுதி மிச்சம். தாலும் சம்பாலும் கணக்கில் சேரவில்லை. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ 7,700 கலோரியாம். வகுத்துப் பார்த்தால் 87 கிலோமீட்டர் வருகிறது. வரைபடத்தை விரித்தேன். ஈப்போவில் புறப்பட்டு லுமுட் வரைக்கும் ஓடினால் ஒரு கிலோ குறையும். பங்கோர் படகுத்துறையில் நின்று மூச்சு வாங்கும்போது மீன் வறுவல் வாசனை வரும். சாப்பிடாமல் திரும்ப வேண்டும். திரும்புவதும் ஓட்டம்தான் என்றால் இரண்டு கிலோ.

இதை மனைவியிடம் விளக்கினேன். "லுமுட் வரைக்கும் ஓடுறதுக்குப் பதிலா அந்தப் புந்தோங் கச்சாங் பூத்தே டப்பாவை மூடி வைக்கலாமே" என்றாள். கணிதம் தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சா இது? புந்தோங் முறுக்கும் ஓமப்பொடியும் இந்த ஊர்த் தமிழர்களின் கைவண்ணம், பாரம்பரியம். அதை மூடி வைப்பது சமுதாயத்துக்குச் செய்யும் துரோகம் என்று சொன்னேன். டப்பா இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. உயரம் பத்தவில்லை என்று டாக்டரிடம் அன்றைக்கே சொன்னேன்.

கொஞ்ச நாளில் முட்டி பேச ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கும்போது சத்தமாகவே பேசியது. கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, இனிமேல் தினமும் ஓடி இதை ஒரு வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று வீரமாகச் சொன்னேன். அப்பா நோட்டைக் கீழே வைத்தார்.

"தினம் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டு. தினம் வெட்டினா பட்ட காஞ்சு போவும். அப்புறம் கத்திய எப்பிடி வச்சாலும் பால் வராது. பேராசப்பட்டு எத்தன மரம் செத்துச்சு தெரியுமா? கத்தியும் ஆழமாப் போவக் கூடாது. உள்ள இருக்கிற மரத்தத் தொட்டுட்டா, காயம் ஆறினாலும் முண்டு முண்டா நிக்கும். மறுபடி அந்த இடத்துல வெட்ட முடியாது."

செயலியும் அதையேதான் சொல்லியிருந்தது: வாரம் மூன்று நாள், நடுவில் ஓய்வு. ஜாஷ் கிளார்க்கும் சுங்கை சிப்புட் பால்வெட்டுக்காரரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். எனக்குத்தான் இருவரும் சேர்ந்து ஓய்வு கொடுத்த நாளிலும் பால்கனியில் நின்று வானத்தைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

மாதக் கடைசி. எடை போடும் நாள். ஓடி முடித்து, வியர்த்துக் கொட்ட வந்து, கைப்பேசி, சாவி, பணப்பை எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியையும் கழற்றிவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறி நின்றேன். 86! வீடே அதிரக் கத்தினேன். இரண்டு கிலோ. லுமுட் போய்த் திரும்பியதற்குச் சமம். மனைவிகூடச் சிரித்தாள்.

அப்பா மட்டும் பென்சிலை எடுக்கவில்லை. "தண்ணி" என்றார்.

"என்ன தண்ணி?"

"வேர்வ போயிருக்கு. சாயங்காலம் ஏறு, எழுதுறேன்."

சாயங்காலம் 87.4.

அப்பா கெட்டவர் இல்லை. ஸ்டோர் பார்த்து வளர்ந்தவர். வாளிப் பாலை எடை போட்டவுடன் கூலி எழுதிவிட மாட்டார்கள். பாலில் ரப்பர் நூற்றுக்கு முப்பது சொச்சம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மழைத் தண்ணீர் சேர்ந்தால் எடை ஏறும்; குழாய்த் தண்ணீர் சேர்த்தாலும் ஏறும், அது வேறு கதை. அதனால் கிராணி மெட்ரோலக் என்ற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்த்து, காய்ந்த எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் எழுதுவார். ஈர எடை யாருக்கும் வேண்டாம். காய்ந்த எடைக்குத்தான் காசு.

உடம்புக்கும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. மணிக் கணக்கில் வியர்த்தால் ஒரு லிட்டர் தாராளமாகப் போகும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரங்களில் உடம்பு சேர்த்து வைத்திருந்த மாவுச் சத்து கரைகிறது, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. முள் குறைகிறது, தொப்பை அப்படியே இருக்கிறது. எடை குறைந்த மகிழ்ச்சியில் தே தாரேக் ஒன்று குடித்தால் முள்ளும் பழைய இடத்துக்கு வந்து சேரும்.

மகளிடம் தொலைபேசியில் புலம்பினேன். அவள் இணையத்தில் ஒரு நவீனத் தராசை வாங்கி அனுப்பினாள். வெறுங்காலோடு ஏறி நின்றால் உள்ளங்கால் வழியாக நமக்குத் தெரியாத அளவு சின்ன மின்சாரத்தை அனுப்புமாம். தண்ணீர் உள்ள தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் தடைபடும். அதை வைத்துக் கொழுப்பு எத்தனை விழுக்காடு என்று உத்தேசமாகச் சொல்லிவிடும். அப்பாவிடம் இதை விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. "மெட்ரோலக்கு!" என்றார். நாற்காலியைத் தராசுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஏறி நின்றேன். தராசு யோசித்தது. 34 என்று காட்டியது.

"எவ்வளவு?"

"முப்பத்து நாலு விழுக்காடுப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கண்ணில் எனக்கு ஒரு மரியாதை தெரிந்தது. "முப்பத்து நாலா! நல்ல பால்டா! எங்க காலத்துல எனக்கு இந்த மாதிரி நிரை கிடைச்சிருந்தா வீடு கட்டியிருப்பேன்" என்றார். மனைவி அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

பெரட்டு இப்போது பெரிதாகிவிட்டது. விஷயம் தாமானில் பரவி, பணி ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். சர்க்கரை உள்ள இரண்டு பேர் வந்தார்கள். முதல் நாள் கேட்டைத் திறந்து விசாரித்த சீன அங்கிளும் வெள்ளை பாட்டா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, அப்பாவை "மண்டோர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அப்பா ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். தாமதமாக வந்தால் அரைநாள் என்று எழுதுகிறார். ராணுவக்காரர் ஒரு நாள் அதை எதிர்த்துப் பேசினார். மறுநாள் ஐந்தேகாலுக்கே வந்து நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போலோ கிரவுண்டிலிருந்து திரும்பும் வழியில் அப்பா சாலைமுக்கு மாமாக் கடையைக் கைகாட்டி, காடியை நிறுத்தச் சொன்னார். "பழைய காலத்துல கங்காணிக்கு ஆள் கணக்குப் பார்த்துத் தலைக்காசு குடுப்பாங்க. எங்க தாத்தா சொல்லியிருக்காரு. இங்க அஞ்சு தல. எனக்கு இன்னும் ஒரு காசு வரல" என்றார். தலைக்காசாக அவருக்கு இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். நான் கடைத் தம்பியிடம் என் குரலே எனக்குக் கேட்காதபடி, "தே ஓ கோசோங்" என்றேன். பாலும் இல்லை, சீனியும் இல்லை. தம்பி இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

ரொட்டி வந்தது. தம்பி கல்லிலிருந்து எடுத்தவுடனே இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரு அடி அடித்திருந்தான். மடிப்பு மடிப்பாகப் பிரிந்து ஆவி வந்தது. அப்பா தாலில் தோய்த்து முதல் ரொட்டியை நிதானமாக முடித்தார். நான் ஜெகதீசனை நினைத்துக்கொண்டேன், சரவணனை நினைத்துக்கொண்டேன், லுமுட் சாலையை மைல்கல் மைல்கல்லாக நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ரொட்டியைப் பிய்த்தவர், பாதியில் என் முகத்தைப் பார்த்தார். மிச்சத்தைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார்.

"பரவாயில்லப்பா, வேணாம்" என்று சொல்லிக்கொண்டே நான் தாலை ஊற்றினேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை எடுத்து, என் பக்கத்தைத் தேடித் திருப்பி, பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: 'முன்பணம், ரொட்டி அரை.' எழுதிவிட்டு, "கடன் அடையுற வரைக்கும் தோட்டத்த விட்டுப் போவ முடியாது, தெரியுமில்ல?" என்றார்.